இருட்டில் கல்கி மறைத்த முகம்

'பொன்னியின் செல்வன்' நாவல் ஐந்து பாகம், 293 அத்தியாயம். 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. மணிரத்னம் அதை இரண்டு படங்களுக்குள் அடைத்தார். 2022 செப்டம்பரில் ஒன்று, 2023 ஏப்ரலில் ஒன்று, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். அடைத்ததில் நசுங்கியவை நிறைய. மணிமேகலை என்ற பாத்திரம் படத்தில் இல்லவே இல்லை. பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் மகுடம் யாருக்கு என்ற முடிச்சை கல்கி அவிழ்க்கும் அழகும் போய்விட்டது. இத்தனை சேதாரத்துக்கு நடுவே ஆதித்த கரிகாலன் மட்டும் நாவலில் இருப்பதைவிடக் கூடுதல் உயிரோடு நிற்கிறான்.

இதை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. கல்கியின் கரிகாலன் இருபதுகளில் இருக்கும் சோழ இளவரசன். முதல் படம் வெளியானபோது அவனாக நடித்த விக்ரமுக்கு வயது 56. போதாக்குறைக்கு, திரைக்கதையும் அவருக்குச் சாதகமாக இல்லை. நாவலில் நாம் கரிகாலனின் தூதன் வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னாலேயே போகிறோம். கரிகாலனைப் பற்றிப் பிறர் பேசப் பேச, அவன் நமக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிறான். மாமல்லபுரத்தில் பாட்டன் மலையமானோடும் நண்பன் பார்த்திபேந்திரனோடும் அவன் நேரில் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். படமோ நாவலில் இல்லாத ஒரு போர்க்களத்தில் அவனை எடுத்த எடுப்பிலேயே இறக்கிவிடுகிறது. முன்கதை தெரியாதவர் கண்ணுக்கு அவன் வாள் சுழற்றும் கோபக்காரன், அவ்வளவுதான். இந்தப் பள்ளத்தை வசனத்தால் நிரப்ப நேரம் இல்லை. நடிகர்தான் நிரப்பியாக வேண்டும்.

விக்ரம் அதைக் குரலில் செய்தார். 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் பின்னணிக் குரல் கொடுத்தவர் அவர். ஒலிவாங்கி முன்னால் நின்று, முகம் இல்லாமல் உணர்ச்சியைக் கடத்திப் பழகிய தொண்டை அது. முதல் பாகத்தில் பார்த்திபேந்திரனிடம் குடிபோதையில் பேசும் காட்சியைக் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். கள், பாட்டு, ரத்தம், போர்க்களம் என்று ஒவ்வொன்றாக அடுக்கி, எல்லாம் எதை மறக்க என்று சொல்கிறான். முதலில் 'அதை' மறக்க, அடுத்து 'அவளை' மறக்க, கடைசியில் 'என்னை' மறக்க. மூன்றையும் ஒரே உச்சத்தில் கத்தியிருந்தால் வெறும் கைதட்டல் வசனமாக முடிந்திருக்கும். ஜெயமோகனின் வசனத்தில் இருக்கும் படிக்கட்டு அவருக்குப் புரிந்திருக்கிறது. 'அதை' என்பது கரிகாலன் வெட்டி பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலை விழுந்த இரவு, வெளியே நடந்த ஒரு சம்பவம். 'அவளை' என்பது நந்தினி மீதான காதல். 'என்னை' என்று வரும்போது குற்றவாளி தானேதான் என்ற ஒப்புதல் வாக்குமூலம். கோபம் அந்த மூன்றாவது படியில் வழுக்கி விழுகிறது.

உடம்பை ஏற்றி இறக்கி நடிப்பவர் என்றுதான் 'ஐ' காலத்திலிருந்து விக்ரமுக்குப் பெயர். இங்கே அந்த வித்தை எதுவும் கிடையாது. தாடி, அவிழ்ந்த தலைமுடி, தூங்காத கண்கள். வயதும் ஒருவிதத்தில் உதவியது. இருபது வயது முகத்தில் அந்தக் களைப்பு ஒட்டியிருக்காது. (இளம் நந்தினியாக வரும் சாரா அர்ஜுன்தான் 2011-இல் 'தெய்வத்திருமகள்' படத்தில் விக்ரமின் மகள். நல்லவேளை, இளம் கரிகாலனுக்கு வேறு நடிகர்.)

கரிகாலன் கொல்லப்படும் இரண்டாம் பாகத்தின் கடம்பூர் மாளிகைக் காட்சியில்தான் அசல் சோதனை. நாவலின் ஐந்தாம் பாகத்தில் கல்கி ஒரு தந்திரம் செய்கிறார். விளக்கு அணைகிறது, இருள் சூழ்கிறது, கரிகாலன் சாகிறான். குத்தியது யார் கை என்ற கேள்வியை நம்மிடமே விட்டுவிடுகிறார். துப்பறியும் கதைக்கு அது கச்சிதம். ஆனால் சாகிறவனின் முகம் வாசகருக்குக் கிடைக்காது. சினிமா அந்த முகத்தை மறைக்க முடியாது. வீரபாண்டியனுக்குப் பழிவாங்க நந்தினி தன்னைக் கொல்லத்தான் அழைத்திருக்கிறாள் என்று தெரிந்தே அந்த அறைக்குள் வருகிறவனாக விக்ரம் நடிக்கிறார். அதனால் அங்கே அச்சமோ வீராப்போ தேவைப்படவில்லை. முதல் பாகம் முழுக்க நெரிந்த புருவம் இங்கே தளர்கிறது, குரல் இறங்குகிறது. தீர்ப்புக்காக நெடுநாள் காத்திருந்தவனின் நிம்மதி அது. எதிரே நந்தினியாக ஐஸ்வர்யா ராயும் அதே தணிந்த சுருதியில் நிற்பதால்தான் காட்சி பிழைக்கிறது. இருவரும் 'ராவணன்' படத்தில் ஏற்கெனவே எதிரெதிரே நின்றவர்கள்.

முதல் பாகத்துக்கு 70-வது தேசியத் திரைப்பட விருதுகளில் நான்கு கிடைத்தன. தமிழின் சிறந்த படம், ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு. நடிப்புக்கு ஒன்றும் இல்லை.

கொலைக்குப் பிறகு கல்கிக்கு ஐந்தாம் பாகத்தில் பாதி மிச்சம் இருந்தது. பழி, சந்தேகம், துக்கம் என்று அந்தச் சாவை அவர் ஊற விட்டார். படம் அவனுக்காக அழக்கூட யாரையும் நிற்கவிடாமல், நாவலில் இல்லாத இன்னொரு போருக்கு ஓடுகிறது.