அந்தக் கூடை

"கூடை எங்கக்கா?" என்று கலியாணப் பொண்ணு மண்டபத்திலிருந்தே போன் எடுத்துக் கேட்டாள். "பெட்டியில வைக்கும்போது உடைஞ்சிருச்சு தங்கச்சி" என்றேன். உடையவில்லை. முதல்நாள் சாயங்காலம் நான்தான் பிளேடால் வெட்டி எடுத்தேன், அவளுடைய அம்மாவின் கண்முன்னால்.

கேக்குக்கு மேலே வைக்கும் உருவங்களை எட்டு வருடமாகச் செய்கிறேன். மாப்பிள்ளை, பொண்ணு, சிலநேரம் அவர்கள் வளர்க்கும் நாய், அவ்வளவுதான் கேட்பார்கள். இவள் மூன்றாவதாக ஒரு உருவம் கேட்டாள். "அம்மா மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்தெடுத்துத்தான் என்னை டீச்சர் ஆக்கினாங்க. கூடையோட செஞ்சு தாங்கக்கா. மாப்பிள்ளை வீட்டாளுங்களும் பார்க்கட்டும்." மாப்பிள்ளை வீடு கொழும்புக்குக் கிட்ட, வத்தளைப் பக்கம். 2023இல், நம்ம மலையகத் தமிழ் ஆட்கள் இங்கே இலங்கைக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதில் இரண்டு நாள் நடந்தவள் அவள். அவள் பேசிய விதமே எனக்குப் பிடித்திருந்தது. கூடுதலாகக் காசு கேட்கக்கூட மனம் வரவில்லை.

ஹட்டன் மழையில் காற்றில் காயும் களிமண்ணை நம்ப முடியாது. நான்கு நாள் வைத்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அதனால் பொலிமர் களிமண்தான். ஆறு மில்லிமீட்டர் தடிப்புக்குக் கால் மணித்தியாலம் என்ற கணக்கில், 130 பாகை சூட்டில் ஓவனில் வைத்து எடுப்பேன். அந்தக் கூடைக்கு மட்டும் ஒரு முழு நாள் போனது. களிமண்ணை இடியப்ப இழை மாதிரி உருட்டி, அலுமினியத் தாளைக் கசக்கிச் செய்த அச்சைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பின்னினேன். இப்போது பல தோட்டங்களில் மூங்கில் கூடை இல்லை, பைதான். ஆனாலும் எங்கள் அம்மாயியின் கூடை தோட்டத்து லய வீட்டில் இன்னும் தொங்குகிறது. அதைப் பார்த்துத்தான் செய்தேன். நிறுவைக்கு நடந்து போகிற மாதிரி, பாரம் சரியாமல் இருக்க ஒரு கை காதுக்கு மேலே தலைக்கயிற்றைப் பிடித்திருக்கிற மாதிரி வைத்தேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எடுத்துப்போக அம்மாதான் வந்தார். பெட்டியைத் திறந்ததும் மகளின் உருவத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தன்னுடையதைப் பார்த்தார். விரல் நுனியால் அந்தக் கயிற்றை மெதுவாகத் தடவினார்.

"இது நான்தானே?"

"ஆமாம்மா. மகள்தான் இப்பிடிச் செய்யச் சொன்னாங்க."

"கூடையை எடுத்துரு புள்ள."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முந்தானையைத் தலையிலிருந்து தள்ளினார். உச்சிக்கு முன்னால் கயிறு அழுத்துகிற இடத்தில் முடி தேய்ந்து, தோல் மினுங்கியது. "முப்பத்தொரு வருஷம் தூக்கியாச்சு. நாளைக்கு ஒருநாள் நான் சும்மா நிக்கிறேனே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவகிட்ட சொல்லிராத" என்றார்.

போன் மேசையில்தான் கிடந்தது. மகளுக்கு எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எடுக்கவில்லை. கலியாணத்துக்கு முதல்நாள் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் சண்டை மூட்டக் கூடாது என்று நினைத்தேன் என்றுதான் இத்தனை நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது முழு உண்மையா என்று தெரியவில்லை. அந்த உச்சந்தலையை எனக்கு முன்பே தெரியும். அம்மாயிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது என் கைபட்ட இடம் அது. அந்த நேரத்தில் மகள் என் ஞாபகத்திலேயே இல்லை.

சுட்ட உருவத்தை அப்படியே வெட்டினால் தெறிக்கும். ஓவனில் கொஞ்சம் சூடேற்றி, இளகியதும் மெல்லிய பிளேடை முதுகுக்கும் கூடைக்கும் நடுவில் விட்டேன். கூடை முழுசாகக் கழன்று வந்தது. சேலையில் விழுந்த பள்ளத்தைப் புதுக் களிமண் வைத்து நிரப்பி, தலைக்கயிறு இருந்த இடத்தில் முடி இழுத்து, மறுபடி சுட்டேன். அம்மா பிளேன்டீ குடித்துக்கொண்டு முழுநேரமும் பார்த்துக்கொண்டிருந்தார். கையை மட்டும் மாற்ற முடியவில்லை. உள்ளே கம்பி இருந்தது, மடக்கினால் தோளோடு போயிருக்கும். "கை இருக்கட்டும்" என்றார்.

காசு தந்தது மகள். மாதக்கணக்கில் ஆசைப்பட்டவளும் அவள்தான். அம்மாவை மறைக்காமல் எல்லோர் முன்னாலும் நிறுத்த நினைத்த பிள்ளையிடம், எடுத்தது அவளுடைய அம்மாதான் என்பதை நான் மறைத்துவிட்டேன். ஆனால் உருவம் அம்மாவுடையது. தன்னை எப்படிக் காட்டலாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லையா? இருக்கிறது என்றே ஒவ்வொரு தடவையும் முடிவுக்கு வருகிறேன். அப்படியானால் அதையே மகளிடம் சொல்லியிருக்கலாமே, பொய் எதற்கு? அம்மா சொல்ல வேண்டாம் என்றார் என்பது ஒரு பதில். கூடை வேண்டாம் என்று அம்மா சொன்னது அந்தப் பிள்ளைக்கு எப்படி வலித்திருக்கும் என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன், மனம் ஆறவில்லை.

"சரிக்கா, பரவாயில்ல" என்றுதான் அன்றைக்கு அவள் போனை வைத்தாள். அடுத்த வாரம் படம் அனுப்பினாள். ரெஜிபோமில், அதாவது தெர்மாகோலில், கட்டிய மூன்று தட்டுக் கேக், உச்சியில் மாப்பிள்ளையும் பொண்ணும், அவர்களுக்குப் பின்னால் அந்த அம்மா. காதுக்கு மேலே தூக்கிய கை, எதையோ பிடிக்கிற மாதிரி மடங்கிய விரல்கள், உள்ளே ஒன்றுமில்லை. கேக்குக்குப் பக்கத்தில் நிஜமான அம்மா மெரூன் பட்டுச்சேலையில், இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றார். தலை நிறைய மல்லிகை.

படத்துக்குக் கீழே அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: "அம்மா ஆசீர்வாதம் பண்ற மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்கக்கா."

கூடை என்னிடம்தான் இருக்கிறது, பட்டன் போடும் டின்னில், கயிற்றோடு.