கடனை அடைத்த பாட்டுகள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் பாட்டுக் குழுவுக்கு ஒலிபெருக்கி வாடகை புரட்டவே நாக்குத் தள்ளுகிறது. அதனாலோ என்னவோ, ஃபிஸ்க் கல்லூரியின் கதை என்னை விடுவதாயில்லை. அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்களுக்காக அமெரிக்காவின் நாஷ்வில்லில் 1866இல் தொடங்கிய கல்லூரி அது. ஐந்தே வருடத்தில் கடன் கழுத்தை நெரித்தது. 1871இல் மாணவர்கள் ஒன்பது பேர் ஊர் ஊராகப் பாடிக் காசு சேர்க்கப் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். முதலில் மேடைக்கேற்ற நாகரிகப் பாட்டுகள்தான். அடிமைக் காலத்தில் முன்னோர் பாடிய பக்திப் பாட்டுகளை எடுத்த பிறகே கூட்டம் சொக்கியது. விக்டோரியா மகாராணிகூடக் கேட்டார்! வசூலில் எழுந்த கல்லூரிக் கட்டடமான ஜூபிலி ஹால் இன்றும் நிற்கிறது.



எங்கள் குழுவிலும் பாட்டிமாரின் தாலாட்டுகளைச் சேர்க்கச் சொன்னேன். பாட்டு வாத்தியார் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும்.