கிளிங்கன் முதல் நிலைத் தேர்வு: வினையிலிருந்து தொடங்குங்கள்

'ஸ்டார் ட்ரெக்' கதைகளில் வரும் கிளிங்கன் இனத்தாருக்காக உருவாக்கிய மொழிதான் கிளிங்கன். அதன் முதல் நிலைத் தேர்வான தக்வி தேறிவிட்டேன். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது, அந்தச் சூட்டோடு இதை எழுதிவிடுகிறேன். சொல் பட்டியலை மனப்பாடம் செய்வது பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, உட்கார்ந்து படித்தால் யாருக்கும் வந்துவிடும். மதிப்பெண் போவது இலக்கணத்தில், அதிலும் வினை முன்னொட்டில்.

என் வழி ஒன்றே ஒன்றுதான். வாக்கியத்தை இடது ஓரத்திலிருந்து தொடங்கவே கூடாது. நடுவில் வினையை எழுதுங்கள், யார் யாரை என்று பார்த்து முன்னொட்டைப் போடுங்கள், அப்புறம் செயப்படுபொருள் இடப்பக்கம், எழுவாய் வலப்பக்கம். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

தமிழ் பேசுகிற நமக்கு இது இன்னும் அவசியம். நாம் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் 'ஐ' உருபு காப்பாற்றிவிடும். கிளிங்கனில் செயப்படுபொருளுக்கு உருபே கிடையாது. 'புக் லெக் யஷ்' என்றால் அதிகாரி குழந்தையைப் பார்க்கிறார். 'யஷ் லெக் புக்' என்றால் குழந்தை அதிகாரியைப் பார்க்கிறது. இடம் மாறினால் எல்லாம் போச்சு.

'நான் குழந்தையைப் பார்க்கிறேன்' என்பதற்குப் புதியவர்கள் 'புக் ஜிலெக்' என்று எழுதுவார்கள். தப்பு. 'நான்' என்பதற்கு ஜி வருவது செயப்படுபொருள் இல்லாதபோது. இங்கே 'புக் விலெக்'.

அடுத்து லு என்கிற முன்னொட்டு. படர்க்கையில் பெரும்பாலும் முன்னொட்டே தேவைப்படாததால் இது நினைவுக்கே வராது. பலர் சேர்ந்து ஒருவரைப் பார்த்தால் 'புக் லுலெக் யஷ்பு' (பெயரோடு ஒட்டும் பு பன்மை). பலர் பலரைப் பார்த்தால் லு கிடையாது, வெறும் 'புக்பு லெக் யஷ்பு'. எழுவாய் பன்மை, செயப்படுபொருள் ஒருமை என்று கண்ணில் பட்டதும் கை தானாக லு போட வேண்டும், அந்த அளவுக்குப் பழகுங்கள். செயலிகளில் சொல்லைத் தட்டித் தட்டிப் படித்தால் இது வராது, கையால் எழுத வேண்டும்.

மற்றவை சுருக்கமாக:

- வினையில் வரும் பு இறந்தகாலம் இல்லை, செயல் முடிந்ததைக் காட்டுவது. 'நேற்று மகிழ்ச்சியாக இருந்தேன்' என்பதற்கு 'வஹு ஜிகுச்' போதும், காலத்தை 'வஹு' (நேற்று) சொல்லிவிடுகிறது.
- 'அதிகாரி கிளிங்கன்' என்று நாம் சும்மா விட்டுவிடுவோம். அப்படியே 'ட்லிங்கன் யஷ்' என்று எழுதினால் 'கிளிங்கன் அதிகாரி' என்று ஆகிவிடும், வாக்கியமே இல்லை. 'ட்லிங்கன் கஹ் யஷ்எ' என்று நடுவில் பிரதிப்பெயர் வர வேண்டும், எழுவாயில் எ ஒட்ட வேண்டும்.
- 'பெரிய கப்பலில்' என்றால் 'டுஜ் தின்டக்'. கப்பல் டுஜ், ஆனால் 'இல்' பொருள் தரும் டக் பெரிய என்கிற தின்னோடுதான் ஒட்டும். வேற்றுமை ஒட்டுகள் எல்லாவற்றுக்கும் இதே விதி.
- வினையோடு ஒட்டும் பெ தனக்கு முன்னால் இருப்பதை மட்டும் மறுக்கும். 'பிகோங்விப்பெ', தூங்க நீ பயப்படவில்லை. 'பிகோங்பெவிப்', தூங்காமல் இருக்கப் பயப்படுகிறாய். (பயத்தைக் காட்டும் ஒட்டான விப்பை 'நான்', 'நாம்' என்று தன்மையில் போடாதீர்கள். இலக்கணம் இடம் கொடுத்தாலும் எந்தக் கிளிங்கனும் தனக்குப் பயம் என்று சொல்ல மாட்டான்.)
- ஏவலில் மறுப்புக்குப் பெ வராது, கோ தான்.

கையெழுத்தையும் கவனியுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதும்போது சின்ன க்யூவும் (q) பெரிய க்யூவும் (Q) இந்த மொழியில் வேறு வேறு எழுத்து, அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோல விழுந்தால் சரியான விடையும் தப்பாகிவிடும்.