எங்கள் கிணற்றுத் தண்ணீர்

நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிற எங்கள் தோட்டத்துக்குப் போன வாரம் ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர் வந்து, கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மின்கடத்துதிறன் கருவியை அதில் முக்கிக் காட்டினார்கள், உப்பு கூடக்கூட எண் ஏறும். எங்கள் அப்பாரு இதே தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார்.

நொய்யல் படுகை பெரும்பாலும் கடினப் பாறை. தண்ணீர் நிற்பது மேலே சிதைந்த அடுக்கிலும் கீழே விரிசல்களிலும்தான், அதனால் 1992இல் கட்டின அணையில் தேங்கிய திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீரின் உப்பு அதே வழியாகக் கிணறுகளுக்கு வந்து சேர்ந்தது. சரி, மழை பெய்தால் கழுவிப் போகாதா என்று கேட்டேன். கொஞ்சம் போகும், ஆனால் மெதுவாகத்தான் என்றார்கள்.

மழைக்கு முன்னாலும் அப்புறமும் வருஷா வருஷம் வந்து அளந்து பாருங்கள் கண்ணு என்று சொல்லி அனுப்பினேன்.