டர்பன் நாட்குறிப்பு: இடுக்கி யார் கையில்

அக்டோபர் 15, 2023, ஞாயிறு

மேலாளர் வீட்டில் 'பிராய்'. கரி நெருப்பில் இறைச்சி வாட்டும் விருந்து. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த ஒன்றரை வருடத்தில் எனக்கு இது ஐந்தாவது. ஆண்கள் நெருப்பைச் சுற்றி, பெண்கள் உள்ளே சாலட் நறுக்கிக்கொண்டு. தீயைப் பார்த்துக்கொள்கிறவர் கையில்தான் இடுக்கி இருக்கும். கறி கருகினாலும் அடுத்தவர் தொடக்கூடாது. இது தெரியாமல் எடுத்துவிட்டேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

மேலாளரின் அம்மாவுக்கு 84 வயது. நாற்காலி போட வந்தவரைக் காட்டி, "எங்கள் கார்டன் பாய்" என்றார். அந்தப் 'பையனு'க்குத் தலை முழுக்க நரை.

மேலாளர் இரண்டாவது பியரில் மனசு விட்டுப் பேசினார். 1983இல் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்த்தார்களாம். அப்போது வெள்ளை இளைஞர்களுக்கு இரண்டு வருடம் ராணுவம். இவரை நமீபியா எல்லைக்கு அனுப்பியிருக்கிறார்கள். "ஆம்பிளையாகித் திரும்புவாய் என்றார்கள். இப்போது என் மகனுக்கு இந்த நாட்டில் இடமில்லை." மகன் ஆஸ்திரேலியாவில் நல்ல வேலையில் இருக்கிறான். அதைச் சொல்லும்போதும் விரட்டப்பட்டவனைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். அவர் வலி பொய்யில்லை. ஆனால் இங்கே வேலையில்லாத வெள்ளையர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கருப்பினத்தவரில் மூன்றில் ஒருவருக்கு மேல். நெருப்புக்கு முன்னால் நின்றுகொண்டு இதை எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு வந்தேன்.

ரக்பி உலகக் கோப்பைக் காலிறுதியில் தென்னாப்பிரிக்க அணியினர் பிரான்ஸை 29–28 என்று ஜெயித்தார்கள். ஒரே புள்ளி.

அக்டோபர் 21, சனி

அரையிறுதியில் இங்கிலாந்தோடு 16–15. மறுபடியும் ஒரே புள்ளி. இந்த ஊர்க்காரர்களுக்கு இதயம் எதில் செய்திருக்கிறதோ.

அக்டோபர் 28, சனி, நள்ளிரவு தாண்டி

இறுதி ஆட்டத்தைக் குடியிருப்பு வாசலில், காவலர் கூண்டில் உட்கார்ந்து பார்த்தேன். என் போனை வருகைப் பதிவேட்டின் மேல் சாய்த்து வைத்திருந்தோம். அவருக்கு 62 வயது. சட்டையில் குத்தியிருக்கும் பெயர் ஆங்கிலப் பெயர், பள்ளிக்கூடத்தில் டீச்சர் வைத்தது. ஸூலுப் பெயர் வேறு. கேட்டேன், சொன்னார், அதை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பிளாக்கில் எட்டு வயசுப் பிள்ளைகூட அந்த ஆங்கிலப் பெயரைச் சொல்லித்தான் "கேட்டைத் திற" என்கிறது.

காவலரின் சின்ன வயதில், ஸ்பிரிங்பாக் என்கிற தென்னாப்பிரிக்க ரக்பி அணி தோற்றால் இவர்கள் கொண்டாடுவார்களாம். வெள்ளையர் அணியாயிற்றே. 1995இல் உலகக் கோப்பையை ஜெயித்த அணியிலும் வெள்ளையரல்லாத ஆட்டக்காரர் ஒரே ஒருவர்தான். இன்றைக்குக் கேப்டனே கருப்பினத்தவர், சியா கொலிசி. பிறந்தது 1991 ஜூன் 16. பிறக்கும் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிவு செய்த சட்டம் மறுநாள்தான் ரத்தானது. காவலருக்கு அந்தத் தேதி மனப்பாடம். அவர் 16 வயதிலிருந்து பாஸ் புத்தகம் சுமந்தவர், கருப்பினத்தவர் நடமாடக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த அனுமதிப் புத்தகம். "போலீஸ்காரனுக்கு இருபது வயதிருக்கும். எனக்கு மீசை வந்தாச்சு. என் அப்பா பக்கத்தில் நிற்கிறார். இரண்டு பேரையும் 'பாய்' என்றான். அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை."

ஆட்டம் 12–11. கடைசி நிமிடங்களில் மஞ்சள் அட்டை வாங்கி வெளியே உட்கார்ந்திருந்த செஸ்லின் கோல்பி பார்க்க முடியாமல் பனியனை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். காவலரும் தொப்பியால் மூடிக்கொண்டார். விசில் ஊதியதை நான்தான் அவருக்குச் சொன்னேன்.

நவம்பர் 5, ஞாயிறு

நேற்று கோப்பை ஊர்வலம், ஊரே பச்சை. இன்றைக்கு, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு அங்கிள் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போனேன். நம் ஆட்கள். 1860இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு 'ட்ரூரோ' கப்பல் வந்ததிலிருந்து இங்கே இருக்கும் வம்சங்களில் ஒன்று. தமிழ் பேச வராது, கூழ் ஊற்றத் தெரியும். பெயருக்குப் பின்னால் பிள்ளை. அது இங்கே சாதியில்லை, வெறும் குடும்பப் பெயர் என்றார். பிறகு, "நீங்கள் என்ன?" என்று கேட்டார்!

2021 ஜூலைக் கலவரம் பற்றிப் பேச்சு வந்தது. கடைகள் எரிந்தன, போலீஸ் வரவில்லை. தெருமுனையில் தடுப்புப் போட்டு, மூன்று ராத்திரி துப்பாக்கியோடு நின்றோம் என்றார். சொல்லும்போது முதுகு நிமிர்ந்தது. "என் பெண்டாட்டி பிள்ளைகளை நான் காப்பாற்றினேன்." அந்த நாட்களில் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 30 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் கருப்பினத்தவர். வேலைக்குப் போய்த் திரும்பியவர்களும் அதில் உண்டு. அதைக் கேட்டேன். ஆன்ட்டி சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போனார். அங்கிள் எனக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.

நவம்பர் 12, தீபாவளி

ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டேன். எங்கள் தோட்டத்தில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தவரைப் பற்றிக் கேட்டேன். பத்து நாளாக அவர்தான் ஞாபகத்தில். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அவருக்கு ஐம்பது இருக்கும். "டேய், எளநி போடுறா" என்பேன். "சரிங்க சாமி" என்று மரத்தில் ஏறுவார். என் தாத்தா திண்ணையிலிருந்து அதை ரசிப்பார். பேரன் ஆம்பிளையாகிவிட்டானாம்.

"அப்பா, அவரு எப்படிங்க இருக்காரு?"

"யாரு, அவனா? போன வருசமே போய்ச் சேந்துட்டான். அவன் பையன் இப்பப் புல்லட்ல சுத்தறான். நம்ம வாசலத் தாண்டறப்பக்கூட வேகத்தைக் குறைக்கறதில்ல. காலம் மாறிப்போச்சு கண்ணு, நமக்கு இனி இங்க மரியாதையில்ல."

மேலாளரின் குரல் அப்படியே கேட்டது. மொழிதான் வேறு.

நவம்பர் 15, புதன்

மின்வெட்டு. கேட்டைக் கையால் தள்ளித்தான் திறக்க வேண்டும், நானும் ஒரு கை கொடுத்தேன். காவலருடைய மகனுக்கு 31 வயது, இன்னும் கல்யாணமாகவில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத் தரும் 'லொபோலா'வுக்குப் பதினோரு மாடு தர வேண்டும், அல்லது அதற்கான பணம். வேலையில்லாதவனுக்கு ஏது மாடு? "மாடு தராதவன் எங்கள் ஊரில் முழு ஆளில்லை. ஐம்பதானாலும் பையன்தான்" என்றார். பிறகு, "உங்கள் ஊரில் எத்தனை மாடு?"

எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் தருவார்கள் என்றேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பெண்ணையும் கொடுத்து மாட்டையுமா?" கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

"உனக்கு எவ்வளவு தந்தார்கள்?"

"நாற்பது பவுன். ஒரு பைக்."

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் டார்ச்சை அடித்து, படியில் வெளிச்சம் காட்டினார்.