கதவுக் கைப்பிடிக்குப் பயந்த குளிர்காலம்

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த ஏழாவது வாரம். அலுவலகத்தில் கூட்ட அறையின் கதவைத் திறக்கக் கை நீட்டினேன். விரல் கைப்பிடியைத் தொடுவதற்கு மயிரிழை தூரம் இருக்கும்போதே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சுட்டுவிரல் நுனியில் ஊசி ஏறியதுபோல் சுரீரென்றது. கையை உதறிக்கொண்டு நின்றேன். கதவுக்குள் எங்கோ மின்கசிவு இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஷாக் அடித்தால் ஒயரிங்கைச் சந்தேகப்பட வேண்டும் என்றே பழகியவன் நான்.

அன்று மாலைக்குள் ஐந்து முறை ஆகிவிட்டது. கோப்பு அலமாரி, தண்ணீர்க் குழாய், லிஃப்ட் பொத்தானைச் சுற்றியிருந்த எவர்சில்வர் தகடு என்று தொட்ட உலோகமெல்லாம் அடித்தது. கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு எழுதிப்போட்டேன். மறுநாள் எலக்ட்ரீஷியன் ஒருவர் மீட்டரோடு வந்தார். கைப்பிடி, கதவுச் சட்டம், பக்கத்துச் சுவிட்ச் எல்லாவற்றையும் பொறுமையாகச் சோதித்தார். எதிலும் மின்சாரம் இல்லை. "இங்கே இது உங்களுக்கு முதல் குளிர்காலமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மின்சாரம் கதவில் இல்லை, உங்கள் உடம்பில்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை. கதவு பழுது என்றால் ஒருநாள் சரிசெய்துவிடுவார்கள். உடம்பில் இருப்பதை என்ன செய்வது?

அதே வாரம் வேறு பிரிவின் மேலாளர் ஒருவர் என் மேசையருகே வந்து, தன்னை அறிமுகம் செய்துகொண்டு கை நீட்டினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து கைகொடுத்தேன். இருவர் விரல்களுக்கும் நடுவில் பொறி பறந்தது. அவர் சட்டெனக் கையை இழுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன், பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் அதன்பிறகு நான் யாருக்கும் கைகொடுப்பதைத் தவிர்க்கத் தொடங்கினேன். எதிரே யாராவது வந்தால் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. கதவை முழங்கையால் தள்ளினேன். தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும் ஊரில், புதிதாக ஒருவர் நீட்டும் கையைப் பற்றாமல் நிற்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அவர்கள் என்னை ஒட்டாதவன் என்று எண்ணியிருக்கலாம்.

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் இதைக் கவனித்தார். இருபது குளிர்காலங்களை இங்கே பார்த்தவர். ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டு நான் கதவைத் திறப்பதைப் பார்த்து, "ஷாக் அடிக்கிறதா, தம்பி?" என்று கேட்டார்.

"ஒருநாளைக்குப் பத்துமுறை, அக்கா. நடந்தாலே ஏறிவிடுகிறது."

"நடப்பதைவிட எழுந்திருப்பதுதான் பெரிய காரணம். நாற்காலியின் இரும்பைத் தொட்டபடியே எழுந்திருங்கள். முழுதாக நிமிர்ந்து நின்ற பிறகு கையை எடுங்கள். ஒருவாரம் செய்து பாருங்கள்."

செய்து பார்த்தேன். முதல்நாளே அடி பாதியாகக் குறைந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் விட மனம் வரவில்லை. படித்துப் பார்த்தபோது காரணம் தெளிவாக இருந்தது. இரண்டு வேறுபட்ட பொருட்கள் ஒட்டியிருந்து பிரியும்போது, ஒன்றிலிருந்து எலக்ட்ரான்கள் மற்றொன்றுக்குத் தாவி அங்கேயே தங்கிவிடுகின்றன. இப்படித் தேங்கும் மின்னேற்றத்தைத்தான் நிலைமின்சாரம் என்கிறார்கள். என் கால்சட்டையும் நாற்காலியின் செயற்கை இழைத் துணியும் நாள் முழுக்க ஒன்றன்மேல் ஒன்று அழுந்திக் கிடக்கின்றன. உட்கார்ந்திருக்கும்வரை எதுவும் தெரிவதில்லை. எழுந்த கணத்தில் இரண்டும் விலகுகின்றன. எதிரெதிர் மின்னேற்றங்களுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. மின்னேற்றத்தின் அளவு மாறாவிட்டாலும், தூரம் கூடக்கூட வோல்டேஜ் எகிறுகிறது. அந்த நேரத்தில் கை நாற்காலியின் உலோகத்தில் இருந்தால், மின்னேற்றம் உடம்பில் சேர்வதற்கு முன்பே சத்தமில்லாமல் திரும்ப வழிந்துவிடுகிறது. பெயிண்ட் பூசாத, வெறும் உலோகமாக உள்ள இடத்தைத் தொட வேண்டும். என் நாற்காலியில் இருக்கைக்குக் கீழே இருந்த நெம்புகோலின் தண்டு அதற்கு வாகாக இருந்தது.

இது ஏன் குளிர்காலத்தில் மட்டும் இத்தனை கடுமையாக இருக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, ஒரு கனமீட்டர் காற்றால் 2 கிராமுக்குச் சற்று அதிகமான நீராவியை மட்டுமே தாங்க முடியும். அந்தக் காற்றை உள்ளே இழுத்து ஹீட்டர் 21 டிகிரிக்குச் சூடாக்குகிறது. 21 டிகிரிக் காற்றோ 18 கிராம் வரை தாங்கும். ஆக, புதிதாக ஈரம் சேர்க்காவிட்டால் அறையின் ஈரப்பதம் 13 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். வெப்பமும் புழுக்கமுமான இடத்தில் வளர்ந்த நமக்கு, எந்தப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் ஒன்று எப்போதும் படிந்திருந்தது. மின்னேற்றம் அதன் வழியே தானாகவே கசிந்துவிட்டது. வியர்வையைச் சலித்துக்கொண்ட காலத்தில், அந்த ஈரம் செய்த வேலையை நான் அறியவில்லை.

ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கி மேசையில் வைத்தேன். ஜனவரியில் ஒருநாள் காலை அது 16 காட்டியது. 10 முதல் 20 சதவீத ஈரப்பதத்தில் தரைக்கம்பளத்தின்மீது நடப்பவரின் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறக்கூடும். அதே நடை, ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் 1,500 வோல்ட் அளவோடு நின்றுவிடும். நம் விரலுக்கு உறைக்கவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும் என்பதால், ஈரமான நாட்களில் ஏறுவதும் இறங்குவதும் நமக்குத் தெரிவதே இல்லை. ஆயிரக்கணக்கில் வோல்ட் என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். உடல் தாங்கி நிற்கும் மின்னேற்றம் மிகச் சொற்பம். இறங்குவதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. உயரத்திலிருந்து விழும் ஒரே ஒரு நீர்த்துளி போன்றது அது.

மற்ற மாற்றங்களும் பலன் தந்தன. பாலியஸ்டர் சட்டைமேல் கம்பளி ஸ்வெட்டர் போடுவதை விட்டுப் பருத்திக்கு வந்தேன். தடித்த ரப்பர் அடி வைத்த காலணியை அலுவலகத்துக்குப் போடுவதில்லை; தோல் அடி வைத்தது மின்னேற்றத்தைத் தரைக்கு விட்டுவிடுகிறது. காய்ந்து வெடித்த கைகளுக்கு வேளைக்கு ஒருமுறை கிரீம் தடவினேன். வீட்டில் ஹியூமிடிஃபையர் வைத்து ஈரப்பதத்தை 40 சதவீதத்தில் நிறுத்துகிறேன். 60-க்கு மேலே விட்டால் ஜன்னலில் நீர் கோத்துச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி சாவிதான். ஷாக் அடிக்கும் என்று தோன்றினால் சாவியை முழுக் கையால் இறுகப் பிடித்து, அதன் முனையால் கைப்பிடியைத் தொடுவேன். மாலையில் விளக்குகள் அணைந்த நடைபாதையில் ஒருமுறை குனிந்து பார்த்தேன். சாவி நுனிக்கும் குமிழுக்கும் நடுவே நீலமாக ஒரு நூல், வந்த வேகத்தில் மறைந்தது. 'டிக்' சத்தம் கேட்டது. கையில் ஒன்றும் உறைக்கவில்லை. மின்சாரம் விரல்நுனியின் ஒரே புள்ளியில் பாயாமல் உள்ளங்கை முழுக்கப் பரவிச் செல்வதால் நரம்புகளுக்கு அது தெரிவதில்லை. சாவி கையில் இல்லாதபோது, மர மேசையையோ சிமென்ட் சுவரையோ முதலில் தொட்டுக்கொள்ளலாம். அவை மின்னேற்றத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்கின்றன. கணினி உதிரிகளைக் கையாள்பவர்கள் மணிக்கட்டில் கட்டும் எர்த் பட்டையிலும் 10 லட்சம் ஓம் மின்தடை வைத்திருக்கிறார்கள். தவறி மின்கம்பியில் கை பட்டாலும் உடம்பு வழியே பெரிய மின்சாரம் பாயாமல் காப்பதுதான் அதன் முக்கிய வேலை; மின்னேற்றத்தை மெல்ல இறக்கவும் அது உதவுகிறது.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் கட்டாயம் தேவை. கணினியின் உட்பாகங்களை வெறும் கையால் தொடக் கூடாது. நமக்கு உறைக்காத 100 வோல்ட்கூட சில சிப்புகளைக் கெடுத்துவிடும். அடுத்தது பெட்ரோல் நிரப்பும் இடம். குளிர் தாங்காமல், பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருக்கும்போது காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வந்து குழாயைத் தொடாதீர்கள். இருக்கையிலிருந்து எழும்போது ஏறிய மின்னேற்றம் அந்த ஆவியில் பொறியாகப் பாய்ந்து தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. புதிதாக வருபவர்கள் யாரிடமும் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

பிப்ரவரி கடைசியில் அந்த மேலாளரின் அறைக்குப் போனேன். அன்று நடந்ததற்கும், அதன்பிறகு நான் ஒதுங்கிப் போனதற்கும் காரணத்தைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, தனக்கு முதல் குளிர்காலத்தில் காரின் கதவு அடித்ததைச் சொன்னார். அவரும் வெயில் நாட்டிலிருந்து வந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. எழும்போது நாற்காலியின் இரும்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவருடைய மர மேசைமேல் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து எடுத்தேன். பிறகு கை நீட்டினேன். அவர் கை சில்லென்று இருந்தது.