மனிசாலெஸ் பேராலய மாதிரி: மூன்று கோபுரங்கள் வரை

மனிசாலெஸ் பேராலயத்தின் 1:200 மாதிரியில் உடற்பகுதி முடிந்துவிட்டது. நான்கு மூலைக் கோபுரங்களில் மூன்று நிற்கின்றன. நடு ஊசிக்கோபுரம் இன்னும் மேசையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. உண்மைக் கட்டடம் நூறு மீட்டரைத் தாண்டும் உயரம் கொண்டது. ஆகவே மாதிரி முடியும்போது அரை மீட்டருக்கு மேல் நிற்கும். ஊசிக்கோபுரத்தைத் தொடுமுன் இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

மனிசாலெஸ் கொலம்பியாவில், ஆண்டீஸ் மலையின் நடுத்தொடரில், ஏறத்தாழ 2,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1849இல் வடக்கே அந்தியோக்கியா பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒரு மலைமுகட்டின் மேல் அமைத்த ஊர். காப்பியால் செழித்தது. சற்றுத் தள்ளி, பனி மூடிய நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 5,300 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. ஊரின் நடுவே பொலிவார் சதுக்கம், அதன் ஓரத்தில் செபமாலை அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்ட சாம்பல் நிறப் பேராலயம். படத்தில் பார்த்தால் பிரான்ஸில் எங்கோ இருக்கும் பழைய கோதிக் ஆலயம் என்றே தோன்றும். ஆனால் அது கல் அல்ல. அடி முதல் நுனி வரை கம்பி கட்டிய கான்கிரீட்.

இந்த மாதிரியை நான் முகப்பிலிருந்து தொடங்கவில்லை. முதலில் செய்தது ஒரு சாண் நீளமுள்ள மூங்கில் சுவர். காரணம் இருக்கிறது. இது அந்த ஊரின் மூன்றாவது பெரிய ஆலயம். முதலாவது மண்ணால் ஆனது, இரண்டாவது மரத்தால், மூன்றாவது கான்கிரீட்டால். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதை அழித்த ஆபத்துக்குப் பதிலாகக் கட்டப்பட்டது. அந்தப் பதில்களைக் கையால் செய்து பார்க்காமல் கான்கிரீட்டை மட்டும் அட்டையில் வெட்டி ஒட்டினால், அது வெறும் அலங்காரப் பொம்மையாகவே முடியும் என்று நினைத்தேன்.

முதல் ஆலயத்தின் தடித்த மண்சுவர்கள் 1870களின் நிலநடுக்கங்களில் அடிபட்டன. 1880களில் அதை இடித்துவிட்டு, மரத்தால் புதிதாக ஒன்றை எழுப்பத் தொடங்கினார்கள். 1900இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ மனிசாலெஸை மறைமாவட்டமாக்கியபோது அந்த மர ஆலயமே பேராலயமானது. ஊர் வீடுகளும் அதே பாடத்தைக் கற்றிருந்தன. அங்கே குவாதுவா என்ற பெருமூங்கில் நிறைய விளைகிறது. மூங்கிலாலும் மரத்தாலும் சட்டகம் கட்டி, இரு பக்கமும் பிளந்த மூங்கில் அறைந்து, மேலே மண் பூசுவார்கள். பாரெக்கே என்பது அதன் பெயர்.

நான் செய்த சோதனை எளியது. ஒரு தட்டை கோலிக்குண்டுகளின் மேல் வைத்து, பக்கவாட்டில் ஆட்டும்படி அமைத்தேன். அதன் மேல் இரண்டு சிறு கூடுகள். ஒன்றில் களிமண் கட்டிகளை அடுக்கிக் காயவிட்ட சுவர்கள். மற்றதில் மூங்கில் சிம்புகளை நூலால் கட்டி, இரு பக்கமும் மெல்லிய பட்டைகளை ஒட்டி, மண் பூசிய சுவர்கள். ஆட்டத் தொடங்கியதும் களிமண் கூட்டின் மூலைகளில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடியது. அடுத்த ஆட்டத்தில் ஒரு சுவர் முழுதாக வெளிப்பக்கம் சாய்ந்தது. மூங்கில் கூட்டில் பூச்சு செதிள் செதிளாக உதிர்ந்தது. சட்டகமோ சாய்ந்து, முனகி, மறுபடி நிமிர்ந்து நின்றது. உதிர்ந்த பூச்சைப் பூசிவிட்டால் வீடு மீண்டும் வீடுதான். 1999 ஜனவரியில் அந்த வட்டாரத்தின் ஆர்மேனியா நகரைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், சிமெண்ட் பூசிய பாரெக்கேயை கொலம்பியா தன் கட்டட விதிகளிலேயே சேர்த்தது. அந்தப் பழைய கைவேலைக்கு அது மிகவும் தகுந்த மரியாதை.

ஆனால் நடுக்கத்துக்கு வளைந்துகொடுத்த மரம் நெருப்புக்கு என்ன செய்யும்? 1922இல் ஒரு தீ, 1925 ஜூலையில் நகர மையத்தைத் தின்ற பெருந்தீ, 1926 மார்ச் 20இல் மீண்டும் ஒன்று. கடைசித் தீயில் மரப் பேராலயம் எரிந்து போனது. எஞ்சியிருந்த மூங்கில் சுவர்த் துண்டை வெட்டவெளியில் வைத்து அடியில் தீ மூட்டிப் பார்த்தேன். பூச்சு இருந்த வெளிப்பக்கம் வெகுநேரம் கறுக்கவில்லை. தீ உள்ளே, இரு பட்டைகளுக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தில் புகுந்து, புகைபோக்கியில் ஏறுவதுபோல் நேராக மேலே ஏறி உச்சியில் நாக்கை நீட்டியது. வெளியே நிற்பவர் தண்ணீரை எங்கே ஊற்றுவார்? பக்கத்து வீட்டுச் சுவர்களும் இதே அமைப்பு, நடுவே சந்துகூட இல்லை என்றால் ஒரு தெரு முழுவதும் போய்விடும் என்பது அந்தத் துண்டைப் பார்த்தபோதே விளங்கியது. (செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மூங்கிலின் கணுக்கள் பட்டாசாக வெடிக்கும்.)

இப்போது ஊருக்கு இரண்டு எதிரிகள். நடுங்கவும் கூடாது, எரியவும் கூடாது. பாரிஸைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஜூலியன் ஒகுஸ்த் போல்தி வடிவத்தை வரைந்தார். பாப்பியோ, பொனார்தா என்ற இத்தாலியர்களின் நிறுவனம் கட்டியது. 1928இல் தொடங்கி 1939இல் முடிந்தது. அதற்குச் சற்று முன், 1927இல்தான் ரயில் பாதை மனிசாலெஸை எட்டியது. அதுவரை ஊரின் பெரும் பெருமை மனிசாலெஸுக்கும் மரிகிதாவுக்கும் இடையே, எழுபது கிலோமீட்டருக்கு மேல் மலைகளைத் தாண்டி ஓடிய கம்பிவடப் பாதை. அதுவே தனியாக ஒரு மாதிரி செய்யத் தகுந்தது. இங்கே அதற்குள் போகவில்லை.

கான்கிரீட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், உள்ளே மெல்லிய கட்டுக்கம்பி. சுவர்கள் கெட்டி அட்டையில். தூண்கள், சன்னல் வளைவுகள், சிறு கூர்முனைகள் எல்லாம் ரப்பர் அச்சில் வார்த்தவை. இந்த வேலையில்தான் அந்தக் கட்டடத்தின் அருமை புரிந்தது. கல் தச்சர் வேண்டாததைச் செதுக்கி எடுக்கிறார். கான்கிரீட்டில் ஒவ்வொரு கூர்முனைக்கும் முதலில் அதன் மறுபக்கத்தை அச்சாகச் செய்ய வேண்டும், பிறகு ஊற்ற வேண்டும், இறுகியபின் முனை உடையாமல் பிரிக்க வேண்டும். கோபுர உயரத்தில் சாரத்தின் மேல் நின்று, மலைக்காற்றில், பதினோரு ஆண்டுகள் அதைச் செய்த தொழிலாளர்களை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கம்பி இல்லாமல் வார்த்த தூணை வளைத்தால் பட்டென்று இரண்டாகிறது. கம்பி வைத்தது விரிசல் விடுகிறது, ஆனால் பிரிவதில்லை.

வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்குக் கண்ணாடித்தாள் ஒட்டினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூலைக் கோபுரங்களுக்கு வருகிறேன். 1962 ஜூலை 30இல் வந்த நிலநடுக்கத்தில் அவற்றுள் ஒன்று இடிந்து விழுந்தது. 1979 நவம்பரில் இன்னொரு நிலநடுக்கம் மீண்டும் கோபுரங்களைப் பதம் பார்த்தது. விழுந்ததைப் பிற்பாடு எழுப்பினார்கள். 1984இல் பேராலயம் தேசிய நினைவுச் சின்னமானது. கனமான உடல் அசையாமல் நிற்கும்போது, மேலே இருக்கும் ஒல்லிக் கோபுரம் மட்டும் ஏன் விழ வேண்டும்?

மூன்று கோபுரங்களைப் பொருத்தியபின் மாதிரியை அதே கோலிக்குண்டுத் தட்டில் ஏற்றினேன். வேகமாக ஆட்டினால் எல்லாம் சேர்ந்து லேசாக அதிர்கின்றன. ஆட்டத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு குறிப்பிட்ட தாளத்தில் உடல் ஏறக்குறைய அமைதியாகிறது. கோபுர நுனிகளோ கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் வீசுகின்றன. கோபுரம் உடலோடு சேரும் கழுத்தில் விரலை வைத்தால் அந்த இழுப்பு முழுவதும் அங்கே தெரிகிறது. கீழே வரும் சிறு அசைவைப் பருத்த உடல் மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறது. கோபுரத்தின் சொந்த ஆட்டத் தாளமும் அதுவும் ஒன்றிவிட்டால் கழுத்துத்தான் விலை கொடுக்கிறது. தீயை முற்றாக வென்ற கட்டடம் நடுக்கத்தை முக்கால் பங்குதான் வென்றது என்பது என் கணிப்பு. அதனால் அதன்மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. விழுந்த கோபுரத்தை அதே இடத்தில் மறுபடி நிறுத்தியதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஆகவே நான்காவது கோபுரத்தை மற்ற மூன்றைப் போல் ஒட்டாமல், கழுத்தில் இரட்டைக் கட்டுக்கம்பி ஓடவிட்டு, உடலுக்குள் ஆழமாக இறக்கி வார்க்கப் போகிறேன். அடுத்து ஊசிக்கோபுரம். அதன் உயரத்தில் போலந்து நடைபாதை என்று அழைக்கப்படும் சுற்றுப்பாதை இருக்கிறது. பார்வையாளர்கள் ஏறிப் போய் நகரத்தையும், மேகம் விலகினால் எரிமலையையும் பார்க்கும் இடம் அது. கைப்பிடிக்கு நூல் போதுமா, செம்புக் கம்பி வேண்டுமா என்று இரண்டையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்குச் செம்புதான் நேராக நிற்கிறது.

எரிந்த மர ஆலயத்தை விட்டுவிட மனமில்லை. நல்லவேளையாக, அதே நகரின் சிப்ரே பகுதியில் அந்தப் பழைய பேராலயத்தின் பிரதியாக ஒரு ஆலயம் இருக்கிறது. அதன் படங்களை வைத்து வரைபடம் போடத் தொடங்கியிருக்கிறேன். அதே 1:200 அளவு, இந்த முறை முழுக்க மரம். இரண்டும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.